தகப்பன் இல்லாத குஞ்சுகள்

ஊர்வனவற்றைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் மனம் போய் நிற்பது ஃப்ளோராவிடம். இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குப் பூங்காவில் வளர்ந்த கொமோடோ உடும்பு அவள். இந்தோனேசியத் தீவுகளைச் சேர்ந்த இந்த இனம் மூன்று மீட்டர் வரை நீளும். அந்நாட்டுக்கு வெளியே அதன் குஞ்சு முதன்முதலில் பொரிந்தது 1992இல், அமெரிக்காவில். ஏழெட்டு மாதம் வெப்பம் குலையாமல் அடைகாப்புப் பெட்டியில் காக்க வேண்டிய முட்டைகள் இவை.

ஃப்ளோரா ஆணோடு சேர்ந்ததே இல்லை. ஆனாலும் 2006இல் அவள் இட்ட 25 முட்டைகளில் 11 கரு கொண்டிருந்தன. சிதைந்துபோன மூன்றைச் சோதித்தபோது, அவற்றின் மரபணுவெல்லாம் தாயுடையது மட்டுமே என்று தெரிந்தது. 2007 ஜனவரியில் பொரிந்த குஞ்சுகள் அத்தனையும் ஆண்!

காரணம் இதுதான்: உடும்பில் பெண்ணுக்குத்தான் இசட், டபிள்யூ என இரு வேறு பாலினக் குரோமோசோம்கள், ஆணுக்கு இரண்டும் இசட். தாயின் குரோமோசோம்களில் ஒரு பாதியே இரட்டிக்கும்போது இரண்டு இசட் சேர்ந்தால் ஆண். இரண்டு டபிள்யூ சேர்ந்தால் கரு பிழைக்காது.

ஆளில்லாத தீவில் ஒதுங்கிய ஒற்றைப் பெண்ணும் இப்படி ஆண் குஞ்சுகளைப் பெற்று, பின் அவற்றோடு சேர்ந்து வம்சத்தைத் தொடங்கலாம். பூங்காவிலோ இது கவலைக்குரியது. பெண்ணைத் தனியே பூட்டிவைத்து, ஆணை மட்டும் பூங்கா பூங்காவாக அனுப்பும் வழக்கம் மரபணு வளத்தைக் குறைத்துவிடும். இணையோடு வாழ இடம் கொடுக்க முடியாத பூங்கா, இந்த விலங்கை இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கவே கூடாது என்பேன்.