பைன் க்ரீக் கரையில் ரயில் விட்டுச்சென்ற பாதை

மலைநாட்டில் ரயில் பாதை போட வரும் பொறியாளர் முதலில் தேடுவது ஓடையைத்தான். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மேல் மிகக் குறைந்த தடையோடு உருளும். ஒரு டன் சரக்கைச் சமதளத்தில் இழுக்க, சுமார் 2 கிலோ எடைக்கு நிகரான விசை போதும். ஆனால் 100 அடிக்கு 1 அடி ஏற்றம் வந்துவிட்டால் அதே டன்னுக்கு இன்னும் 10 கிலோ சேர்த்து இழுக்க வேண்டும். நடப்பவர் கண்ணுக்கு ஏற்றமாகவே படாத ஒரு சரிவு, எஞ்சினை ஆறு மடங்கு உழைக்க வைக்கிறது. மேலும் ஏறினால் சக்கரம் பிடிமானமில்லாமல் வழுக்கும். ஓடையோ பல்லாயிரம் ஆண்டுகளாக மலையை அறுத்து, மெல்ல இறங்கும் வழியொன்றை ஏற்கெனவே உண்டாக்கி வைத்திருக்கிறது. அதன் கரையைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது.

அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தின் வடபகுதியில் ஓடும் பைன் க்ரீக்கின் கரையை 1883-இல் ஒரு ரயில் அப்படித்தான் பிடித்தது. அந்த ஓடையின் கதை விசித்திரமானது. ஒரு காலத்தில் அது வடகிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் வடக்கிலிருந்து நகர்ந்துவந்த பனிப்பாறை, மண்ணையும் சரளையையும் கொட்டி அதன் வழியை அடைத்தது. தேங்கிய நீர் ஏரியாகி, தெற்குப் பக்கம் வழிந்து, பீடபூமியை ஆழமாக வெட்டிக்கொண்டு இறங்கியது. பனி உருகிப் போன பின்னும் ஓடை பழைய திசைக்குத் திரும்பவில்லை. அது வெட்டிய பள்ளத்தாக்கு சில இடங்களில் 1,000 அடிக்கும் மேல் ஆழம். கரையில் நின்று நிமிர்ந்து பார்க்கும்போதுதான், தண்டவாளத்துக்கு இங்கே வேறு வழியே இருந்திருக்காது என்பது புரியும்.

ரயில் வந்தது பெரும்பாலும் மரத்துக்கும் நிலக்கரிக்கும். வெள்ளைப் பைன் மரங்கள் பலகைகளாயின. ஹெம்லாக் மரத்தின் பட்டை தோல் பதனிடப் போனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மலைகள் மொட்டையாக நின்றன. வெட்டிப் போட்ட கிளைகளில் எஞ்சின்களின் தீப்பொறி விழுந்து காடே எரிந்ததும் உண்டு. இன்று நாம் காணும் அடர்ந்த காடு அதற்குப் பிறகு எழுந்தது. கடைசிச் சரக்கு ரயில் 1988-இல் போனது. 1996-இல் பாதையின் முதல் பகுதி நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் திறக்கப்பட்டது. இன்று அது வெல்ஸ்பரோ அருகிலிருந்து ஜெர்சி ஷோர் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர்.

சைக்கிளில் பறப்பதைவிட நடப்பதையே நான் சொல்வேன். ரயில் கட்டியவர்களின் கைவேலை நடக்கும் வேகத்தில்தான் கண்ணில் படும். மேடு குறுக்கிட்ட இடத்தில் பாறையை வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய மண்ணையும் கல்லையும் அடுத்து வரும் பள்ளத்தில் கொட்டிக் கரை எழுப்பியிருக்கிறார்கள். திருப்பங்கள் எல்லாம் அகலமானவை. நீண்ட ரயில் சட்டென்று திரும்ப முடியாது என்பதால், பாதை எங்குமே முடுக்காக மடங்காது. காலடியிலும் கவனிக்க வேண்டியது இருக்கிறது. தண்டவாளத்தையும் ஸ்லீப்பர் கட்டைகளையும் பெயர்த்தாலும், அடியில் இருந்த ஜல்லிப் படுகை அப்படியே அடித்தளமாகிறது. அதன்மேல் பொடியோடு கலந்த சுண்ணாம்புக்கல் சன்ன ஜல்லியைப் பரப்பி உருளை ஓட்டுகிறார்கள். பொடி இறுகி, தளம் கெட்டியாகிவிடும். மழைநீர் ஜல்லியின் இடுக்குகளில் வடிந்துவிடுவதால் சேறு குறைவு. முட்டிவலிக்காரரும் சக்கர நாற்காலியில் வருபவரும் ஒரு பெரும் பள்ளத்தாக்கின் அடியில் இப்படி உலவ முடிவது எளிய விஷயமல்ல. 1980-களில் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்ட நீர்நாய்கள் ஓடையில் உண்டு. வெயிலில் காயும் கிலுகிலுப்பைப் பாம்புகளும் உண்டு. கற்குவியலில் கை வைக்கும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தகைய பாதைகள் தாமாக மிஞ்சுவதில்லை. ரயில் கம்பெனிகளுக்குப் பல இடங்களில் நிலத்தின் மேல் வழியுரிமை மட்டுமே இருந்தது. ரயிலைக் கைவிட்டால் அந்த உரிமையும் போய், பாதை துண்டு துண்டாகப் பக்கத்து நிலக்காரர்களிடம் சேர்ந்துவிடும். 1983-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டத் திருத்தம் செய்தது. பின்னாளில் ரயில் தேவைப்படலாம் என்பதற்காக வழித்தடத்தைக் கலைக்காமல் வைத்து, அதுவரை நடைபாதையாகப் பயன்படுத்தலாம் என்றது அது. நிலக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1990-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. நிலம் இழந்தவர்கள் இழப்பீடு கேட்கும் வழியையும் அது அடைக்கவில்லை. அதுவே நியாயம் என்று நினைக்கிறேன்.

ஓடையோரப் பாதைக்குத் தீராத அச்சம் வெள்ளம். சரிவில் இறங்கும் ஒவ்வொரு சிற்றோடையையும் பாதைக்கு அடியில் கடத்திவிடும் மதகுகள் இலையும் கல்லும் அடைத்துக்கொண்டால், நீர் கரையை அரித்துவிடும். வர்ஜீனியா மாநிலத்தில் இதேபோல் ஓடையை ஒட்டிச் செல்லும் வர்ஜீனியா க்ரீப்பர் பாதையில், 2024 செப்டம்பரில் வந்த ஹெலின் புயல், டமாஸ்கஸ் ஊருக்கு மேலே பல பாலங்களையும் பாதையின் நீண்ட பகுதிகளையும் அடித்துக்கொண்டு போனது. பைன் க்ரீக்கில் மாநில வனத்துறை பாதையைப் பராமரிக்கிறது. மதகுகளைத் தூர்வாருவது அந்தப் பராமரிப்பின் முக்கியமான வேலை.