உணவுப் பட்டியலைக் காதால் படிப்போர்

மும்பை மாதுங்காவிலோ தில்லி கரோல் பாகிலோ குடியேறிய தமிழர், ஊர் நினைவு வரும்பொழுது முதலில் தேடுவது ஒரு நல்ல இட்டலிக் கடையை. இன்று அந்தத் தேடல் பெரும்பாலும் கைப்பேசியில் நடைபெறுகிறது. கடை எங்கே உள்ளது, எத்தனை மணிக்குத் திறக்கும், இன்று அடை உண்டா என்பவற்றையெல்லாம் விடுதியின் இணையத்தளமே சொல்லிவிடுகிறது. எல்லோருக்கும் சொல்லுகிறதா என்பதே இங்கு நாம் ஆராய விரும்பும் விஷயம்.

2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். அவருள் பார்வைக் குறை உடையோர் 50 லட்சத்துக்குச் சற்று மேல். பார்வையற்ற ஒருவர் கணிப்பொறியைக் கையாள்வது எவ்வாறு? திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கிப் படித்துக் காட்டும் செயலி ஒன்று உண்டு. அதனைத் திரைவாசிப்பான் என்பர். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞரான மைக்கேல் கர்ரன் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. அவற்றுள் ஒன்று. அது விலையின்றிக் கிடைக்கிறது, தமிழும் படிக்கும். அதைப் பயன்படுத்துவோர், விசைப்பலகையில் 'டேப்' என்னும் விசையை அழுத்தி, ஓர் இணைப்பிலிருந்து அடுத்த இணைப்புக்குச் செல்லுகின்றனர்.

இனி, விடுதிகள் பல செய்வது யாதெனில், அச்சிட்ட உணவுப் பட்டியலைப் படம் பிடித்து அப்படியே தளத்தில் ஒட்டிவிடுகின்றன. கண்ணுள்ளவருக்கு அதில் நாற்பது பண்டங்கள் தெரியும். திரைவாசிப்பானோ 'படம்' என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அப்பால் போய்விடும். சில வேளை கோப்பின் பெயரை, எண்ணும் கோடுமாக, நீளப் படிக்கும். வெங்காய ஊத்தப்பம் உண்டா என்று அறியப் பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும். விலையையும் அவரிடமே கேட்க வேண்டும். கையிலுள்ள பணத்துக்கு ஏற்பப் பிறர் அறியாமல் தேர்ந்து உண்ணும் சுதந்திரம் இவ்வாறு பறிபோகிறது. படத்திலுள்ள எழுத்தை இனங்கண்டு படிக்கும் கருவிகளும் இப்பொழுது உள்ளன. ஆயினும் பண்டத்தின் பத்தியையும் விலையின் பத்தியையும் அவை பிரித்துப் படித்துவிட்டால், தோசையின் விலை வடைக்குப் போய்விடுவதும் உண்டு.

பட்டியலை எழுத்தாகவே இடுதல் இதற்குப் பரிகாரம். 'காலைச் சிற்றுண்டி', 'சாப்பாடு' முதலியவற்றைத் தலைப்புகளாகவே நிரலில் குறித்தால், கேட்பவர் ஒரு தலைப்பிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் செல்லலாம். படம் வேண்டுமாயின், 'வாழையிலையில் நெய்ப்பொங்கலும் கொத்சுவும்' என்பதுபோல் ஒரு வரி விளக்கம் அதனுடன் சேர்த்தல் வேண்டும்.

வெளி மாநிலத்துத் தமிழ் விடுதிகள் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. ஆங்கிலப் பக்கத்தின் நடுவே தமிழில் பெயர் எழுதுவோர், அப்பகுதி தமிழ் என்று நிரலில் குறித்தல் வேண்டும். இன்றேல் ஆங்கிலக் குரல் அதனைச் சிதைத்து உச்சரிக்கலாம். முற்றும் விட்டுவிடவும் கூடும். ஆங்கில எழுத்தின்மீது தமிழ் வடிவத்தைப் போர்த்திய பழைய எழுத்துருக்கள் இன்னும் மோசம். அவற்றில் தட்டெழுதிய 'சாம்பார்' பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக ஒலிக்கும். யூனிகோடு எழுத்தே வேண்டும்.

பக்கம் திறந்தவுடன் தானே முழங்கும் நாதஸ்வரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மங்கலமான எண்ணந்தான், ஆனால் திரைவாசிப்பானின் குரல் அதில் மூழ்கிப்போகிறது. உணவு வரவழைக்கும் பக்கத்தில் ஒவ்வொரு பொத்தானும் வெறும் 'சேர்' என்று ஒலித்தால் எதைச் சேர்ப்பது என்று தெரியாது. 'ரவா தோசை சேர்' என்று இருத்தல் வேண்டும். மங்கிய பார்வையுடையோர்க்காக எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு 4.5க்கு 1 என்னும் அளவுக்குக் குறையலாகாது என்பது உலகளாவிய இணைய நெறி. செவிப்புலன் குறைந்தோர் தொலைபேசியில் இடம் பதிய இயலாது. எழுத்தில் பதியவும் வழி வேண்டும். சக்கர நாற்காலியில் வருவோர் அறிய விரும்புவது வாயிலில் எத்தனை படி, சாய்தளம் உண்டா என்பதே.

இது தயவைப் பொறுத்த காரியம் அன்று. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்களுக்குச் சேவை அளிக்கும் தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. மின்னணுச் சேவைகளை அணுகுதல் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. அமெரிக்காவில், டோமினோஸ் நிறுவனத்தின் தளத்தில் பிட்சா வரவழைக்க இயலாத பார்வையற்ற ஒருவர் 2016இல் வழக்குத் தொடுத்தார். அந்நாட்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் அத்தளத்துக்கும் பொருந்தும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் கூறிற்று.

விடுதி நடத்தும் அன்பர்கள் சுட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு, டேப் விசையைக் கொண்டே தம் தளத்தில் ஒரு மசால் தோசை வரவழைத்துப் பார்க்கலாம். பின்னர்த் திரையை அணைத்து, திரைவாசிப்பானின் குரலை மட்டும் கேட்டு அதனையே மறுமுறை செய்யலாம். எவ்விடத்தில் வழி அடைபடுகிறதோ அவ்விடத்தைக் குறித்துக்கொண்டு, தளம் அமைத்தவரிடம் காட்டித் திருத்தச் சொல்லுதல் வேண்டும். வாடிக்கைக்காரர்களாகிய நாமும், அடுத்த முறை பில்லுக்குப் பணம் கொடுக்கும்பொழுது, பட்டியல் படமாக இருப்பதைக் கல்லாவில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு வரலாம்.