'நாளைக்கு' ஒரு பூட்டு!

'தெருவில் நட்ட மரக்கன்றுக்கு நான் தண்ணீர் ஊற்றுகிறேன்' என்று உற்சாகமாகக் கை தூக்கியிருப்பீர்கள். அப்புறம், 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப் போட்டதுண்டா?

வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் டீச்சர் கேட்பார். தொண்டு செய்யாவிட்டால் யாரும் கேட்பதில்லை. அதனால்தான் அது சுலபமாகத் தள்ளிப் போகிறது. ஆனால், சித்திரை வெயிலில் வாடும் கன்று 'நாளை' வரை தாங்குமா?

பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோவும் இப்படித்தான். நாவல் எழுதித் தருவதாகப் பதிப்பாளரிடம் ஒப்புக்கொண்டு, நாளைக் கடத்திக்கொண்டே இருந்தார். 1830ல் பதிப்பாளர் கண்டிப்பாகக் கெடு வைத்துவிட்டார். ஹ்யூகோ என்ன செய்தார் தெரியுமா? ஒரு பாட்டில் மையும், உடம்பு முழுக்க மூடும் கம்பளிச் சால்வையும் வாங்கினார். வெளியே போட்டுக்கொண்டு போகும் உடைகளைப் பூட்டி வைத்துவிட்டார்! இதை அவர் மனைவி எழுதியிருக்கிறார். ஊர் சுற்ற வழியில்லாததால் நாவல் முடிந்தது. 1831ல் வெளிவந்த அந்தக் கதைதான் புகழ்பெற்ற 'நோட்ர டாம் கூனன்'.

ரகசியம் இதுதான்: ஆசை இருக்கும்போதே, பின்னால் வரப்போகும் சோம்பலுக்குப் பூட்டு போட்டுவிட வேண்டும். நீங்களும் போடலாம்.

* நாள் குறியுங்கள்: 'ஊற்றுவேன்' என்றால் போதாது. நான்கு நண்பர்கள் கிழமைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். 'செவ்வாய், காலை 7 மணி, ஒரு வாளி' என்று காலண்டரில் எழுதுங்கள்.

* ஜோடி சேருங்கள்: 7 மணிக்கு நண்பன் வாளியோடு வாசலில் வந்து நின்றால், போர்வைக்குள் சுருண்டு கிடக்க முடியுமா?

* அடகு வையுங்கள்: முந்தின இரவே கிரிக்கெட் பேட்டை அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். 'தண்ணீர் ஊற்றிய பிறகுதான் தரணும். கெஞ்சினாலும் தராதே' என்று சொல்லி வையுங்கள்.

* கொஞ்சமாக ஆரம்பியுங்கள்: தெரு முழுக்க வேண்டாம். முதல் மாதம் ஒரே ஒரு கன்று போதும்.

திடீரென்று காய்ச்சல் வந்தால்? வெட்கப்பட வேண்டாம். உடனே நண்பனுக்குச் சொல்லுங்கள், அவன் ஊற்றுவான். அவனுக்கு முடியாத நாளில் நீங்கள் ஊற்றுங்கள். யார் ஊற்றினாலும், கன்றுக்குத் தண்ணீர் கிடைக்க வேண்டும், அதுதானே முக்கியம்!

சரி, உங்கள் கிழமை எது? இப்போதே காலண்டரில் எழுதிவிட்டு, வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள்!