‘அக்கா பெர்சனல்’... ஊருக்கே ஓபன்!

போன பொங்கல் லீவுக்கு ரூம்மேட் ஒருத்தன் எங்க வீட்டுக்கு வந்திருந்தான். செருப்பைக் கழற்றும்போதே கேட்டான், ‘‘மச்சி, வைஃபை பாஸ்வேர்டு?’’ சொன்னேன். அஞ்சே நிமிஷம்... லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். ‘‘டேய், ‘அக்கா பெர்சனல்’னு ஒரு ஃபோல்டர் தெரியுதே... உங்க வீட்டோடதா?’’

பகீர்னு ஆகிடுச்சு!

எங்க வீட்டு டி.வி-க்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கறுப்புப் பெட்டி உண்டு. ‘நாஸ்’ என்கிற வீட்டு சர்வர். கல்யாண வீடியோ, அப்பாவின் பான் கார்டு ஸ்கேன், அக்காவின் மெடிக்கல் ரிப்போர்ட் என மொத்தக் குடும்பமும் அதுக்குள்ளேதான் குடியிருக்கு. அதை செட்டப் பண்ணின இன்ஜினீயர் சாட்சாத் அடியேன்! டி.வி-யில் படம் ஈஸியா ஓடட்டுமேனு, பாஸ்வேர்டு இல்லாமலே யாரும் நுழையலாம்னு ‘கெஸ்ட்’ டிக் போட்டதும் நானேதான்.

அன்னிக்கு ராத்திரியே கெஸ்ட்டுக்கு கல்தா. ஆளுக்கு ஒரு தனி லாகின். விருந்தாளிகளுக்கு ரவுட்டரில் தனி வைஃபை. அரை மணி நேர வேலைதான். பெருமையா அக்காகிட்ட சொன்னா, ‘‘சரிடா... இப்ப நீ பார்க்க முடியுமா, முடியாதா?’’ என்றாள்.

முடியும். அட்மின் நான்தானே!

விஷயமே இங்கேதான் இருக்கு பாஸ். லாகின், பர்மிஷன் எல்லாம் வாட்ச்மேன் மாதிரி. பெட்டி ஓடுற வரைக்கும்தான் டியூட்டி. டிஸ்க்கைக் கழற்றி வேற கம்ப்யூட்டரில் மாட்டினா, அங்கே வாட்ச்மேன் கிடையாது. அதுக்குத்தான் என்கிரிப்ஷன். பெட்டியிலேயே அந்த வசதி இருக்கு. ஆனா, ஆன் பண்ணினதும் தானா திறக்கட்டும்னு சாவியையும் அதே பெட்டியில் சேமிச்சா, பூட்டு போட்டு சாவியை வாசல் ஆணியிலேயே தொங்கவிட்ட கதை. திறந்திருக்கும்போது அட்மின் எப்படியும் எட்டிப் பார்க்கலாம்.

அதனால, அக்காவோட லேப்டாப்பிலேயே ‘கிரிப்டோமேட்டர்’ போட்டோம். லேப்டாப்புக்கு இலவசம். ஃபைல் பூட்டப்பட்ட பிறகுதான் பெட்டிக்கே போகும். பாஸ்வேர்டும் மறந்து, ரெக்கவரி கீயும் இல்லைன்னா அவ்வளவுதான், கடவுளே வந்தாலும் திறக்க முடியாது! நோட்டில் எழுதி பீரோவில் வெச்சிருக்கா.

அடுத்த ஓட்டை, இன்டர்நெட் பக்கம். 2021 ஜூன் மாதம், வெஸ்டர்ன் டிஜிட்டலின் ‘மை புக் லைவ்’ பெட்டி வெச்சிருந்த பலருக்கு, ஒரே ராத்திரியில் எல்லா ஃபைலும் காலி. 2015-க்குப் பிறகு அப்டேட்டே வராத மாடல் அது. எல்லாத்தையும் அழிக்கிற ‘ஃபேக்டரி ரீசெட்’டுக்கு முன்னாடி பாஸ்வேர்டு கேட்க வேண்டிய வரிகளை, யாரோ ஒரு புரோகிராமர் ‘கமென்ட்’ போட்டு மறைச்சிருந்தாராம். லேபில் நாம பண்றதேதான்!

நம்ம பெட்டி எப்படி வெளியே தெரியும்கிறீங்களா? ரவுட்டரில் ‘யு.பி.என்.பி’னு ஒண்ணு இருக்கு. பெட்டி கேட்டா, உங்களைக் கேட்காமலே கதவைத் திறந்துவிடும். ஆஃப் பண்ணிட்டேன். ஹாஸ்டல்ல இருந்து ஃபைல் வேணும்னா வி.பி.என் வழியாத்தான். அப்டேட் வராத பெட்டியை இன்டர்நெட் பக்கமே காட்டாதீங்க.

ரெண்டு டிஸ்க் இருக்கேனு தெம்பா இருந்தேன். ஒண்ணு ரிப்பேரானா இன்னொண்ணு காப்பாத்தும், நிஜம். ஆனா, அழிச்சா ரெண்டிலும் சேர்ந்தே அழியும். இப்ப மாசம் ஒரு தடவை வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்து, கேபிளைப் பிடுங்கி அதையும் பீரோவில் வெச்சிடுறேன்.

அக்கா ஃபோல்டரைத் திறந்தா இப்ப எனக்குக் கிறுக்கல் கிறுக்கலாத்தான் தெரியுது. ‘‘அப்படி என்னதான்க்கா இருக்கு?’’னு கேட்டேன்.

‘‘உன் தேர்டு செம் மார்க் ஷீட்டை முதல்ல அப்பாகிட்ட காட்டு, அப்புறம் சொல்றேன்!’’

கப்சிப்!