“சும்மா விசாரணைக்குத்தான்”னு கூட்டிட்டுப் போனா என்ன செய்யணும்?

தேவகோட்டை நீதிமன்றத்துல வழக்கு நடத்துற வக்கீல் நான். எனக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல வர்ற போன்ல பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும்: “சார், தம்பியை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. கைது இல்லையாம், சும்மா விசாரணைதானாம்.” குடும்பத்துக்கு அந்த ‘கைது இல்லை’ங்கிற வார்த்தை ஆறுதலா இருக்கும். எனக்கு அதுதான் பயம்.

ஏன்னா, சட்டம் தர்ற பாதுகாப்பு முக்கால்வாசி கைதுங்கிற நிமிஷத்துல இருந்துதான் ஓட ஆரம்பிக்குது. கைதே காட்டலைனா 24 மணி நேரக் கணக்கும் இல்லை, கைதுக் குறிப்பாணையும் இல்லை, டாக்டர் பரிசோதனையும் இல்லை.

நம்ம சிவகங்கை மாவட்டத்துலயே நடந்ததைப் பாருங்க. மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயில் காவலாளி அஜித்குமார். ஒரு நகை காணாமப் போன புகார்ல 2025 ஜூன் கடைசியில தனிப்படை போலீஸ் அவரை விசாரணைக்குக் கூட்டிட்டுப் போச்சு. ஜூன் 28-ல அவர் இறந்துட்டார். உடம்புல 44 காயம்னு பிரேதப் பரிசோதனையில வந்துச்சு. முறையா வழக்குப் பதியாம, கைது காட்டாம எப்படி விசாரிச்சீங்கன்னு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேட்டது. காவலர்கள் கைதானாங்க, வழக்கு சி.பி.ஐ.க்குப் போச்சு. ஆனா அந்த ரெண்டு நாள்ல அவர் எங்க இருக்கார்னு சொல்ற ஒரு துண்டுக் காகிதம் வீட்டுக்காரங்க கையில இருந்திருந்தா? இந்தக் கேள்வி என்னை இன்னும் விடல.

சரி, சட்டம் என்ன சொல்லுது? 2024 ஜூலை 1-ல இருந்து பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா பி.என்.எஸ்.எஸ். வந்திருக்கு. சாட்சியா விசாரிக்கணும்னா 179-வது பிரிவுல எழுத்து மூலமா கூப்பிடணும். பெண்களையும், 15 வயசுக்குக் கீழ, 60 வயசுக்கு மேல உள்ளவங்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது, வீட்டுக்கு வந்துதான் விசாரிக்கணும். குற்றம் சாட்டப்பட்டவரா, ஆனா இப்பக் கைது தேவையில்லைன்னா 35(3) நோட்டீஸ் கொடுக்கணும். அதுவும் இல்லைனா கைது. இந்த மூணுக்கும் நடுவுல ‘சும்மா’ன்னு ஒரு பிரிவு சட்டப் புத்தகத்துல எங்கயும் கிடையாது. அதனால கூப்பிட வந்தவர்கிட்ட மரியாதையா, “ஐயா, நோட்டீஸ் இருந்தா கொடுங்க, நானே வந்துடறேன்”னு கேளுங்க. குரலை உயர்த்த வேண்டாம், தள்ளுமுள்ளு வேண்டவே வேண்டாம். அப்புறம் அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமத் தடுத்ததா இன்னொரு வழக்கு சேர்ந்துக்கும்.

கைதுன்னா, ஒரு குறிப்பாணை எழுதணும். அதுல வீட்டுக்காரங்க ஒருத்தரோ, அந்தப் பகுதி ஆள் ஒருத்தரோ சாட்சிக் கையெழுத்துப் போடணும். நேரத்தை மட்டும் கண்ணு வச்சுப் பாருங்க. காலையில ஏழு மணிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்குக் கைதுன்னு எழுதினா, பதினோரு மணி நேரம் காத்துல போயிடும். கைதுக்கான காரணத்தை அவருக்குப் புரியற மொழியில எழுத்துல கொடுக்கணும்னு மிகிர் ராஜேஷ் ஷா வழக்குல 2025 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. உடனே முடியலைனாலும், மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்துறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியாவது கொடுத்தாகணும். தமிழ் மட்டும் தெரிஞ்சவருக்கு இங்கிலீஷ்ல கொடுத்தா அது கொடுத்ததே ஆகாது.

ஆள் எங்கன்னே தெரியலைனா? அந்தக் காலத்துல வக்கீலுங்க முதல்ல தந்தி ஆபீசுக்கு ஓடுவாங்க. கலெக்டர், எஸ்.பி.க்குத் தந்தி அடிச்சா அதுல தேதி, நேரம் பதிவாயிடும். 2013-ல தந்தி நின்னுபோச்சு, தேவை நிக்கல. இப்ப எஸ்.பி. அலுவலகத்துக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் மின்னஞ்சல் அனுப்புங்க. யார், எத்தனை மணிக்கு, எந்த ஸ்டேஷன் போலீஸ், என்ன வண்டி, அவ்வளவுதான் வேணும். 1942-ல திருவாடானை ஜெயிலை உடைச்சு சின்ன அண்ணாமலையை வெளியில கொண்டுவந்த சீமை இது. இப்ப அத்தனை பேர் கிளம்பத் தேவையில்லை, ஒரு மின்னஞ்சலை அந்த ராத்திரியே அனுப்பினாப் போதும். அப்படியும் ஆள் கிடைக்கலைனா மதுரைக் கிளையில ஆட்கொணர்வு மனு.

அடுத்தது மாஜிஸ்திரேட். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள்ள நிறுத்தணும். ‘ரிமாண்ட்’னா ஏதோ ரப்பர் ஸ்டாம்ப்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. சாத்தான்குளத்துல ஜெயராஜும் பென்னிக்ஸும் 2020 ஜூன் 19-ல கைதாகி, அடுத்தடுத்து 22, 23-ல இறந்தாங்களே, அந்த ரெண்டு பேரையும் மாஜிஸ்திரேட் கிட்ட வரவச்சு சரியாப் பார்க்கலைங்கிறது அப்ப எழுந்த பெரிய குற்றச்சாட்டு. அதனால அங்க நிக்கிறப்ப வாயைத் திறந்து சொல்லுங்க: “அடிச்சாங்க, இங்க வலிக்குது.” டாக்டர்கிட்டயும் அதையே சொல்லுங்க. போலீஸ் பக்கத்துல நின்னாலும் சொல்லுங்க. அதைப் பதிவு பண்றது மாஜிஸ்திரேட்டோட கடமை.

விசாரணையில போலீஸ்கிட்ட கொடுக்கிற வாக்குமூலத்துல நீங்க கையெழுத்துப் போடத் தேவையில்லை. உங்களுக்கு எதிரா நீங்களே சாட்சி சொல்லவும் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. விசாரணை நேரம் முழுக்க இல்லைனாலும், நடுவுல வக்கீலைப் பார்க்கிற உரிமை உண்டு.

வக்கீல் ஃபீஸுக்குத் தாலியை அடகு வைக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். காவல்ல இருக்கிறவருக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காமலே இலவச வக்கீல் கிடைக்கும், 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்துல இருக்கு. 15100-க்கு அடிங்க, இல்ல கோர்ட்டுல இருக்கிற சட்டப் பணிகள் குழுகிட்ட ஒரு வெள்ளைத்தாள்ல எழுதிக் கொடுங்க. இலவச வக்கீல்னா சுமாராத்தான் இருப்பாருங்கிறது ஊர்ப் பேச்சு. நல்லா உழைக்கிறவங்களை நான் அங்க நிறையப் பார்த்திருக்கேன்.

ஜாமீன் பத்தி ஒண்ணே ஒண்ணு. ஜாமீன்ல விடக்கூடிய குற்றம்னா ஸ்டேஷன்லயே விடணும், அது சலுகை இல்லை. பெரிய வழக்குன்னாலும், குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாள்ல குற்றப்பத்திரிகை வரலைனா ஜாமீன் உரிமை வந்துடும். ஆனா அது தானா நடக்காது. குற்றப்பத்திரிகை வர்றதுக்கு முன்னாடியே நீங்க மனுப் போட்டாகணும். 61-வது நாளோ 91-வது நாளோ காலையில கோர்ட்டுல நிக்கிற மாதிரி காலண்டர்ல இப்பவே வட்டம் போட்டு வச்சுக்குங்க. ஜாமீன்தாரர் கிடைக்காம உள்ளேயே இருக்கிறவங்க கதை தனி, அதை அடுத்த வாரம் பேசலாம்.