மாரிக்கு முன் டயர் வாங்குதல்: விலையைப் பார்ப்பதா, பிடிமானத்தைப் பார்ப்பதா?

ஊர் திரும்பும் குடும்பங்கள் பலவற்றுக்கு ஓட்டோ, மோட்டார் சைக்கிள் அல்லது பழைய வேன்தான் முதல் வருமானம். சந்தைக்கு மீன் கொண்டுபோவதும் பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்குவதும் நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதும் அதே வாகனத்தில்தான். மட்டக்களப்பில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்கிறது. அந்த மாதங்களில் வாகனம் நனைந்த வீதியில் நிற்குமா, வழுக்குமா என்பதை டயரே பெரிதும் தீர்மானிக்கிறது. கையில் உள்ள பணம் குறைவாக இருக்கும்போது எந்த டயரை, எதைப் பார்த்து வாங்குவது என்பதை இங்கே விளக்குகிறோம்.

மழையில் டயர் என்ன செய்கிறது?

டயரின் மேல்முகத்தில் உள்ள வரிப்பள்ளங்கள் அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. வீதியில் தேங்கிய நீரை அவை பக்கவாட்டில் வெளியேற்றுகின்றன. பள்ளம் தேய்ந்துவிட்டால் நீர் வெளியேற வழியில்லை. வேகமாகப் போகும்போது டயர் வீதியைத் தொடாமல் நீரின் மேலே மிதக்கும். அப்போது பிறேக்கும் பிடிக்காது, ஹாண்டிலும் கேட்காது. கல்முனை வீதி போன்ற நல்ல தார் வீதியில் இந்த ஆபத்து கூடுதல். ஏனென்றால் அங்கேதான் வேகமாக ஓடுகிறோம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பிறகு, காத்தான்குடியிலிருந்து ஆரையம்பதி வழியாகக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய்வருவது இலகுவாகிவிட்டது. ஒரே பயணத்தில் தார், கிரவல், மணல், சேறு எல்லாவற்றையும் டயர் தாங்க வேண்டியிருக்கிறது.

பள்ளத்தின் ஆழத்தை வீட்டிலேயே அளக்கலாம். ஒரு நெருப்புக் குச்சியைப் பள்ளத்துக்குள் நேராக விட்டு, மேல்மட்டத்தில் நகத்தால் அடையாளம் வையுங்கள். பிறகு பிள்ளையின் அடிமட்டத்தில் வைத்துப் பாருங்கள். கார், வேன் டயர்களில் பள்ளத்தின் அடியில் சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். மேல்முகம் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்தால் டயரின் காலம் முடிந்தது. மாரிக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். 3 மில்லிமீற்றருக்குக் குறைந்தாலே மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். நடுவிலும் இரு ஓரங்களிலும் அளக்க வேண்டும்.

நின்றுபோன வாகனத்தின் டயர்

இடம்பெயர்ந்த காலத்தில் வாகனத்தை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு வந்தவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஓடாத டயரில் பள்ளம் ஆழமாகவே இருக்கும். பார்த்தால் புதிது போலத் தோன்றும். ஆனால் வெயிலிலும் காற்றிலும் றப்பர் முதிர்ந்து இறுகிவிடும். இறுகிய றப்பர் நனைந்த வீதியைப் பிடிக்காது. பாரம் ஏறும்போது வெடிக்கவும் கூடும். பக்கச்சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தால் அந்த டயரை நம்பி ஆள் ஏற்ற வேண்டாம்.

டயரின் வயதை அறிய ஒரு வழி உண்டு. பெரும்பாலான டயர்களின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும், அந்த வரியின் முடிவில் நான்கு இலக்கங்களும் இருக்கும். 2409 என்று இருந்தால் 2009ஆம் ஆண்டின் 24ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று அர்த்தம். முடிவில் மூன்று இலக்கங்கள் மட்டும் இருந்தால் அது 2000ஆம் ஆண்டுக்கு முந்தியது. அதை ஓட்டத்துக்கு எடுக்கவே வேண்டாம். ஒரு பக்கத்தில் இலக்கம் இல்லையென்றால் மறுபக்கத்தைப் பாருங்கள். 5 வருடத்துக்கு மேற்பட்ட டயரை ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும். 10 வருடம் கடந்ததை, பள்ளம் எவ்வளவு இருந்தாலும், மாற்றிவிட வேண்டும்.

‘பனி டயர்’ மலிவாகக் கிடைத்தால்

ஜப்பானிலிருந்து வரும் பாவித்த கார், வேன்களில் சில, அந்நாட்டுப் பனிக்கால டயர்களுடனேயே வந்திறங்குகின்றன. அவை கழற்றப்பட்டு பாவித்த டயராகவும் விற்கப்படலாம். பள்ளம் ஆழமாகவும் றப்பர் மிருதுவாகவும் இருப்பதால், மழைக்கு இதுவே சிறந்தது என்று நினைக்கத் தோன்றும். அது சரியல்ல. 7 பாகை செல்சியசுக்கும் கீழான குளிரில், உறைபனி வீதியைப் பிடிப்பதற்கான றப்பர் அது. எங்கள் பகுதியில் மாரியில்கூட வெப்பம் 20 பாகைக்கு மேலேதான் இருக்கும். இந்தச் சூட்டில் அது விரைவாகத் தேயும். நனைந்த தார் வீதியில் பிறேக் பிடித்தால் சாதாரண டயரை விடக் கூடுதல் தூரம் ஓடித்தான் நிற்கும்.

அடையாளம் காண்பது எளிது. பக்கச்சுவரில் ‘ஸ்டட்லெஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும், அல்லது மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னம் இருக்கும். மேல்முகம் முழுவதும் கத்தியால் கீறியது போன்ற நுண்ணிய வெட்டுகள் நிறைந்திருக்கும்.

விலையை எப்படிக் கணக்கிடுவது?

கடையில் சொல்லும் விலையை மட்டும் பார்க்காதீர்கள். அந்த டயர் எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கணக்கைக் காட்டுவதற்காக ஓர் எடுத்துக்காட்டு மட்டும்: புது டயர் 6,000 ரூபா, 30,000 கிலோமீற்றர் ஓடுகிறது என்று வைப்போம். கிலோமீற்றருக்கு 20 சதம். பாவித்த டயர் 2,500 ரூபா, 8,000 கிலோமீற்றர் ஓடுகிறது என்றால் கிலோமீற்றருக்கு 31 சதம். மலிவு என்று வாங்கியதுதான் விலை கூடியது. அதைவிட, அடிக்கடி கழற்றிப் பூட்டும் கூலியும் ஓட்டம் இல்லாமல் போகும் நாளும் செலவுதான்.

ரீபில்ட் டயர், நல்ல உடலில் முறையாகப் புது மேற்பட்டி ஒட்டப்பட்டிருந்தால், பணம் குறைந்தவர்களுக்கு உதவும். அதைப் பின் சில்லுகளுக்கு மட்டும் பாவியுங்கள். முன் சில்லில் போட வேண்டாம். மேற்பட்டியின் விளிம்பு எங்காவது கிளம்பியிருந்தால் வாங்காதீர்கள்.

கடைக்குப் போகும்போது

• பழைய டயரில் உள்ள அளவை அப்படியே எழுதிக்கொண்டு போங்கள். ரிம்முக்குப் பொருந்தினாலும் அளவு மாறிய டயரை வாங்க வேண்டாம்.

• பாரம் தாங்கும் எண்ணைப் பாருங்கள். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும். 79 என்றால் 437 கிலோ. மீன் பெட்டியோ நெல் மூட்டையோ ஏற்றும் வேனுக்கு முன்பிருந்த எண்ணை விடக் குறைந்ததைப் போடக்கூடாது.

• ஒரே அச்சில் உள்ள இரண்டு சில்லுகளுக்கும் ஒரே வகை டயர் இருக்கட்டும்.

• பாவித்த டயர் என்றால் உட்புறத்தையும் காட்டச் சொல்லுங்கள். பெரிய ஒட்டு, வீக்கம், வெளியே தெரியும் நூல் அல்லது கம்பி இருந்தால் விட்டுவிடுங்கள்.

• பற்றுச்சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

நான்கையும் மாற்றப் பணம் இல்லையா? வெடிப்பும் வீக்கமும் உள்ளதை முதலில் மாற்றுங்கள். அடுத்தது மொட்டையானது. கார், வேனுக்கு இரண்டு புது டயர் மட்டும் வாங்க முடிந்தால் அவற்றைப் பின்னால் போடுங்கள். மழையில் வளைவில் வாகனம் சுழன்றுபோவதை அது குறைக்கும்.

வாங்கிய பிறகு

காற்றை வாரம் ஒருமுறை, காலையில் ஓடுவதற்கு முன் பாருங்கள். கடற்கரை மணலில் ஓடுவதற்காகக் காற்றை இறக்கினால், தார் வீதிக்கு ஏறியதும் மீண்டும் நிரப்புங்கள். குறைந்த காற்றுடன் ஓடினால் டயர் சூடேறி ஓரங்கள் தேயும்.

கழற்றிய பழைய டயரை முற்றத்தில் போட்டுவைக்காதீர்கள். அதில் தேங்கும் மழைநீரில் டெங்கு நுளம்பு பெருகும். கூரைக்குக் கீழே வையுங்கள், அல்லது டயர் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

எந்த டயருக்கும் ஓர் எல்லை உண்டு. 2011 ஜனவரி வெள்ளத்தில் மாவட்டத்தின் பல வீதிகள் நீரில் மூழ்கின. ஓடும் நீர் ஓர் அடி ஆழம் இருந்தாலே சிறிய காரைத் தூக்கிச் சென்றுவிடலாம். ஓட்டோ அதைவிட இலேசானது. வீதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால், டயர் புதிதாக இருந்தாலும், இக்கரையிலேயே நின்றுவிடுங்கள்.