ஆறு வயது வரை காத்திருக்க வேண்டுமா?

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று நம் மூத்தோர் சொல்லி வைத்தனர். இந்த உண்மையை அறியாத தாய் தமிழ்நாட்டில் இல்லை. நம் சட்டப் புத்தகத்துக்கு மட்டும் இது இன்னும் எட்டவில்லை போலும்!

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? 6 வயது முதல் 14 வயது வரை கல்வி பெறுவது குழந்தையின் உரிமை என்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுடைய குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்கிறது. இரண்டும் நல்ல சட்டங்கள், குறை கூறுவதற்கில்லை. ஆனால் பிறந்த நாள் தொட்டு ஆறாவது வயது வரையுள்ள காலம் யார் கணக்கில் சேர்ந்தது?

முன்பருவக் கல்வியைப் பற்றியும் ஒரு பிரிவு உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, 3 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அரசு அதற்கு ஏற்பாடு செய்யலாம் என்கிறது. கவனியுங்கள்: 'செய்யலாம்' என்றுதான் இருக்கிறது, 'செய்ய வேண்டும்' என்று இல்லை. இந்த ஒரு சொல்லின் இடைவெளியில்தான் நம் வீட்டுக் குழந்தைகள் பலர் விழுந்து கிடக்கின்றனர்.

காலம் காத்திருக்குமா?

காது கேளாமல் பிறந்த குழந்தையை எடுத்துக்கொள்வோம். பிறந்த ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் தொடங்குதல். இதுவே மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு. ஒலியைக் கேட்டு மொழியாக மாற்றும் வேலையை மூளை கற்றுக்கொள்வது முதல் சில ஆண்டுகளில்தான். அதனால்தான் தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்தச் செலவு ஏற்கப்படுகிறது. அறுவை செய்யும் மருத்துவர், ஆறு வயதுக்குள் வா என்கிறார். கல்விச் சட்டமோ, ஆறு வயதான பிறகு வா என்கிறது. தாய் எந்தச் சொல்லைக் கேட்பாள்?

வளைபாதத்தோடு பிறந்த குழந்தைக்கு முதல் வாரங்களிலேயே வாரந்தோறும் மாவுக்கட்டு மாற்றிப் போட்டால், பெரிய அறுவை இல்லாமலே பாதம் நேராகும். தைராய்டுச் சுரப்பு இன்றிப் பிறந்த குழந்தைக்குச் சில வாரங்களுக்குள் மாத்திரை கொடுத்தால் அறிவு வளர்ச்சி தடைபடாது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு, எப்படி உட்கார வைப்பது, எப்படி ஊட்டுவது, எப்படி விளையாட்டுக் காட்டுவது என்பதைத் தாய்க்கு முதல் ஆண்டிலேயே கற்றுக் கொடுத்தால், கை கால்கள் இறுகிப் போவதைப் பெருமளவு தடுக்கலாம். இவையெல்லாம் பணக்கார நாட்டு வித்தைகள் அல்ல. மாவு, மாத்திரை, பயிற்சி பெற்ற இரண்டு கைகள், தேவை அவ்வளவே.

இரண்டு ஊர்கள்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு மூலையில், மலையடிவாரத்தில் இருக்கும் இரண்டு ஊர்களைப் பார்ப்போம். ஒன்று இராஜபாளையம், நூற்பாலைகளுக்குப் பேர்போனது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த பூ.ச. குமாரசாமி ராஜாவைத் தந்த ஊர். மற்றொன்று ஸ்ரீவில்லிபுத்தூர், அதன் கோபுரம் தமிழ்நாட்டு அரசின் முத்திரையில் நிற்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி முன்னதில் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் பேர். பின்னதில் சுமார் 75 ஆயிரம் பேர். இரண்டுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரந்தான். சுற்றிலும் எத்தனையோ சிற்றூர்கள். சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகள் ஒரு புறம், செண்பகத்தோப்பின் பளியர் குடியிருப்பு மறுபுறம்.

இந்த வட்டாரத்துத் தறித் தொழிலாளி ஒருத்தியின் குழந்தைக்கு ஒன்றரை வயதாகியும் நடை வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவள் எங்கே போவாள்? மாவட்டத்துக்கு ஒன்று என்று திட்டமிடப்பட்ட இடையீட்டுச் சேவை மையமும், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் தேடி விருதுநகருக்குப் போக வேண்டும். இராஜபாளையத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாள் கூலி போயிற்று. பேருந்துக் கட்டணம் போயிற்று. 2021-இல் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்கு உரியது. வெளியூர்ப் பேருந்துக்கு இல்லை.

பயிற்சி என்பது ஒரு நாள் வேலையா? வாரத்தில் இரண்டு நாளாவது, ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டியது. முதல் மாதம் போவாள். இரண்டாவது மாதம் கடன் வாங்கிப் போவாள். மூன்றாவது மாதம் நின்றுவிடுவாள். பிறகு, "தாய்க்கு அக்கறை இல்லை" என்று கோப்பில் எழுதி மூடுவார்கள். அக்கறை அவளிடம் இருக்கிறது. மையந்தான் அவள் ஊரில் இல்லை!

வடங்கள் நான்கு, திசைகளும் நான்கு

ஒன்றுமே இல்லை என்று நாம் கூறவில்லை. இருப்பவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டம் இன்று தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்களாக விரிந்திருக்கிறது. பால்வாடி என்று நம் மக்கள் அழைக்கும் அந்த மையம் எட்டாத சிற்றூர் அரிது. 'ராஷ்ட்ரிய பால் சுவாஸ்திய காரியக்ரம்' என்று நாக்குச் சுளுக்கும் பெயரோடு 2013-இல் வந்த சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு ஆண்டுக்கு இரு முறை ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தொண்டு நிறுவனங்கள் வழியாகத் தொடக்கநிலைப் பயிற்சி மையங்களை நடத்துகிறது. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் உண்டு. 2023 நவம்பர் 28-ஆம் நாள் ஒன்றிய அரசு, அங்கன்வாடிகளில் மாற்றுத்திறன் குழந்தைகளைச் சேர்த்துக் கற்பிப்பதற்கென ஒரு நெறிமுறையையும் வெளியிட்டது.

அப்படியானால் குறை எங்கே? ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களுக்கு நாம் தேரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆடிப்பூரத்தில் அத்தனை பெரிய தேர் அசைவது, வடம் பிடித்த கைகள் யாவும் ஒரே திசையில் இழுப்பதால். இங்கேயோ சமூக நலத் துறை ஒரு பக்கம், மக்கள் நல்வாழ்வுத் துறை ஒரு பக்கம், மாற்றுத்திறனாளிகள் நலத் துறை ஒரு பக்கம், பள்ளிக் கல்வித் துறை ஒரு பக்கம். வடம் நான்கு, திசையும் நான்கு. தேர் நிலையிலேயே நிற்கிறது. மருத்துவக் குழு எழுதிய பெயர் சிறப்பாசிரியருக்குப் போய்ச் சேராவிட்டால், பரிசோதனை நடந்தென்ன, நடவாமற்போயென்ன? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது!

வழி காட்டியோர் உண்டு

நெடுந்தொலைவு போக வேண்டாம். இராஜபாளையத்துக்குத் தெற்கே, தென்காசி மாவட்டத்தின் ஆய்க்குடியைப் பாருங்கள். 1975-இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே உடல் செயலற்றுப் போன எஸ். ராமகிருஷ்ணன், உலக ஊனமுற்றோர் ஆண்டாகிய 1981-இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அதன் பணியாளர்கள் சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்று சிறு குழந்தைகளுக்குப் பயிற்சி தருகின்றனர். தாய்க்கும் கற்றுத் தருகின்றனர். குழந்தையின் முன்னேற்றத்தைக் கைப்பேசிச் செயலியில் பதிய, வல்லுநர் தொலைவிலிருந்தே பார்த்து அறிவுரை கூறுகின்றனர். குழந்தையை மையத்துக்கு இழுத்துவர முடியாதபோது மையமே குழந்தையிடம் போகிறது! தொண்டு நிறுவனம் ஒன்றினால் முடிந்தது அரசுக்கு முடியாதா?

கடல் கடந்தும் பார்க்கலாம். அமெரிக்காவில் 1975-இல் மாற்றுத்திறன் குழந்தைகள் அனைவருக்கும் கல்வி என்று சட்டம் செய்தனர். பள்ளி வயதில் தொடங்கினால் காலம் கடந்துவிடுகிறது என்று கண்டு, 1986-இல் அந்த உரிமையை 3 வயது வரை கீழே இறக்கினர். அதற்கும் குறைந்த வயதுக் குழந்தைகளுக்குக் குடும்பத்தையே அலகாக வைத்துத் தனித் திட்டம் வகுக்கும் முறையைத் தொடங்கினர். பதினோரு ஆண்டுகளில் அவர்கள் கற்ற பாடம் நமக்கு இன்னும் புரியவில்லையா?

திட்டம் எப்படி இருக்க வேண்டும்?

முதலாவது, எண்ணிக்கை. 2011 கணக்கெடுப்பு இந்தியாவில் 6 வயது வரையுள்ள மாற்றுத்திறன் குழந்தைகள் 20 லட்சத்து 42 ஆயிரம் என்றது. ஆயிரத்துக்குப் பன்னிரண்டு பேர். ஒரு மையத்துக்கு 25 குழந்தைகள் என்று கொண்டால், மூன்று பால்வாடிக்கு ஒரு குழந்தை. உலகெங்கும் 18 வயதுக்குட்பட்டோரில் பத்தில் ஒருவர் இப்படி என்று 2021-இல் யுனிசெப் கணக்கிட்டது. அளவுகோலும் வயதும் வேறு என்றாலும், நம் கணக்கில் விடுபட்டோர் பலர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? ஆண்டுக்கு ஒரு முறையேனும் எல்லாக் குழந்தைகளையும் பரிசோதிக்க வேண்டும் என்பது 2016 சட்டத்தின் கட்டளை. கிராம சுகாதார செவிலியரின் பிறப்புப் பதிவேடும் அங்கன்வாடிப் பதிவேடும் ஒன்றாக வைத்துப் பார்க்கப்படட்டும். ஒரு பெயரும் விடுபடக் கூடாது.

இரண்டாவது, இடம். இராஜபாளையத்தில் ஒன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒன்று என இரு மையங்கள் வேண்டும். இரு ஊர்களிலும் அரசு மருத்துவமனை உண்டு. தொடக்கத்தில் ஒரே குழு போதும்: இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர். மூன்று நாள் இங்கே, மூன்று நாள் அங்கே. நகரப் பேருந்தில் வரக்கூடிய தூரத்தில் மையம் இருந்தால் தாய் கட்டணமின்றி வருவாள். அரை நாளில் வேலைக்கும் திரும்புவாள். வர இயலாத வீட்டுக்கும் பளியர் குடியிருப்புக்கும் குழுவே செல்ல வேண்டும்.

மூன்றாவது, ஆள். அங்கன்வாடிப் பணியாளர் ஏற்கெனவே சமையல், எடை, பதிவேடு, கணக்கெடுப்பு என்று சுமக்கிறார். மதிப்பூதியத்தில் வாழும் அவர் தலையில் மற்றொரு மூட்டையை ஏற்றிவிட்டு, திட்டம் தயார் என்று சொல்வது நேர்மையன்று. பயிற்சியும் வேண்டும், உதவிக்கு ஆளும் வேண்டும், அதற்குரிய ஊதியமும் வேண்டும்.

நான்காவது, தொடர்ச்சி. பால்வாடியிலிருந்து பள்ளிக்குப் போகும் குழந்தையின் கையில், அதுவரை பெற்ற பயிற்சியின் குறிப்பேடும் போக வேண்டும். தலைமையாசிரியர் முதல் நாளிலேயே அதைப் படித்திருக்க வேண்டும்.

பணம் எங்கே என்பார்கள். நாமும் அதையே கேட்கிறோம்! பி.எம்.ஸ்ரீ பள்ளி ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று காரணம் காட்டி, தமிழ்நாட்டுக்கு 2024-25-ஆம் ஆண்டுக்குரிய ஒருங்கிணைந்த கல்வித் திட்ட நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்ததே, சிறப்பாசிரியரின் ஊதியம் அந்தத் திட்டத்தில் அடங்கியது என்பதை அறியாமலா? டில்லிக்கும் கோட்டைக்கும் இடையிலுள்ள வழக்கில், நடக்கப் பழகும் குழந்தையைப் பணயம் வைக்கலாமா? அதே வேளையில், ஒன்றிய அரசின் குற்றத்தைக் காட்டி மாநில நிர்வாகம் கைகட்டி நிற்பதையும் நாம் ஏற்க முடியாது. நான்கு துறைகளின் அதிகாரிகளை மாதம் ஒரு முறை ஒரே மேசையில் உட்கார வைக்க எந்த நிதி வேண்டும்?

மற்றொன்றும் சொல்ல வேண்டும். "முன் செய்த வினை," "கிரகணத்தில் வெளியே வந்த பலன்," "குடும்பத்துக்கு வந்த சாபம்" என்று பேசி, குழந்தையை உள்ளறையில் மறைத்து வைக்கும் வழக்கம் இன்னும் முற்றும் ஒழியவில்லை. பழியெல்லாம் தாயின் தலையில்தான் விழுகிறது. பகுத்தறிவுள்ளோர் ஒவ்வொருவரும் தத்தம் தெருவில் இந்தப் பேச்சை மறுத்துப் பேச வேண்டும். மறைத்து வைத்த குழந்தையை எந்தப் பதிவேடும் கண்டுபிடிக்காது.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சி உறுப்பினர்களுக்கும், ஒன்றியங்களின் பிரதிநிதிகளுக்கும், சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் நாம் வைப்பது ஒரே கோரிக்கை. உங்கள் பகுதியில் ஆறு வயதுக்குட்பட்ட மாற்றுத்திறன் குழந்தைகள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குப் பயிற்சி கிடைக்கிறது என்ற இரண்டு எண்களை அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். எண் இல்லை என்று பதில் வந்தால், அங்கிருந்தே வேலையைத் தொடங்குங்கள். 'செய்யலாம்' என்ற சொல்லைச் 'செய்ய வேண்டும்' என்று மாற்றும் வல்லமை சட்டமன்றத்துக்கு உண்டு. அது மாறும் வரை மையம் திறக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.